வாடை வருமுன் பட்டிக்கு என்ன செய்யலாம்?

கேள்வி: அப்பப்பா காலத்திலிருந்து எங்களிடம் பட்டி மாடு இருக்கிறது. இப்போது கன்றுகளோடு 60 உருப்படி. 2022 டிசம்பரில் மண்டோஸ் புயலோடு வந்த குளிரில் 11 மாடுகள் செத்தன. எல்லாவற்றுக்கும் கொட்டில் போட வசதியில்லை. இந்த மாரிக்கு என்ன செய்யலாம்? (வாசகர், ஒட்டுசுட்டான்)

பதில்: தம்பி, அந்த நாட்களில் இலங்கையின் வடக்கிலும் கிழக்கிலும் நூற்றுக்கணக்கான மாடுகள் செத்தன. உங்கள் கவனக்குறைவு என்று நினைக்க வேண்டாம்.

நம் ஊர் மாட்டின் உடம்பு வெயிலுக்கு வாய்த்தது. மெல்லிய தோல், குட்டை மயிர், கொழுப்பும் குறைவு. வெறும் குளிரைத் தாங்கிவிடும். நனைந்த உடம்பில் வாடைக்காற்று விடாமல் அடித்து, வயிறும் காய்ந்து கிடந்தால்தான் விழுகிறது. முந்தி காலபோக (மாரி நெல்) விதைப்போடு மாடுகளைக் காட்டுக்குள் சாய்த்துக்கொண்டு போவார்கள். மரங்களே காற்றை மறைத்தன. இப்போது மேய்ச்சல் தரை சுருங்கி, மாடுகள் வெளியில் நிற்கின்றன.

ஐப்பசிக்குள் பட்டியைக் குளத்து அலைகரையிலிருந்து மேட்டுக்கு மாற்றுங்கள். வடகிழக்குப் பக்க அடைப்பில் ஆளுயரத்துக்குக் கிடுகோ பனையோலையோ கட்டுங்கள். தறப்பாள் என்றால் இழுத்துக் கட்டுங்கள், படபடவென்று அடித்தால் மாடு வெருளும். கூரை கன்றுகளுக்கும் மெலிந்தவற்றுக்கும் போதும்.

அப்புறம் வைக்கல். அதுதான் என் முதல் கவலை. மாட்டின் பெருவயிற்றில் வைக்கல் புளித்துச் செரிக்கும்போது சூடு பிறக்கும். பின்னேரம் போட்டால் இரவுக் குளிருக்கு அது உதவும். பெரிய மாட்டுக்கு நாளுக்கு 4, 5 கிலோ வேண்டும். உங்கள் பட்டிக்கு 5 நாள் அடைமழையைச் சமாளிக்க ஏறக்குறைய ஒரு தொன். சிறுபோக வெட்டு முடிந்ததும் வயலில் எரிய விடாமல் எடுத்து, பரண் போட்டு மூடி வையுங்கள்.

குடற்பூச்சி மருந்து, தொண்டை அடைப்பான் தடுப்பூசி இரண்டையும் மிருக வைத்தியரிடம் கேட்டு மழைக்கு முன்பே முடியுங்கள்.

கன்று சோர்ந்து கிடந்தால் வாய்க்குள் விரல் விட்டுப் பாருங்கள். வாய் குளிர்ந்திருந்து, விரலைச் சூப்பவும் இல்லையென்றால் பால் பருக்காதீர்கள், சுவாசப்பைக்குள் போய்விடும். காய்ந்த சாக்கால் அழுத்தித் துடைத்து, தணலுக்குப் பக்கத்தில் வைக்கல் மேல் கிடத்துங்கள். சூப்பத் தொடங்கிய பிறகு, கறந்த சூட்டோடு தாய்ப்பாலைக் கொடுங்கள்.