ஜெர்மன் வீட்டில் கனடாச் சாப்பாடு: எதைச் சமைப்பது?

கேள்வி: டொரொன்டோவின் ஸ்கார்பரோவில் பிறந்து வளர்ந்தவள் நான். மாணவர் பரிமாற்றத்தில் மூன்று வாரம் ஜெர்மனியில் ஒரு குடும்பத்தோடு தங்கப் போகிறேன். ஒருநாள் இரவு கனடாவின் பாரம்பரியச் சாப்பாடு ஏதாவது செய்து தரும்படி கேட்டிருக்கிறார்கள். எங்கள் வீட்டிலோ புட்டும் சோறும் கறியும்தான். பொரித்த உருளைக்கிழங்கின்மேல் சீஸ் கட்டிகளைப் போட்டுச் சூடான கிரேவி ஊற்றும் பூட்டீன் செய்தால் சரியாக இருக்குமா?

பதில்: பூட்டீன் வேண்டாம். அதன் உயிரே புதிய சீஸ் கட்டிகளில்தான் இருக்கிறது. அன்று செய்த கட்டியைக் கடித்தால் பல்லுக்கிடையில் கீச்சென்று சத்தம் வரும். ஓரிரு நாளில் அந்தச் சத்தம் போய்விடும். ஜெர்மன் கடைகளில் அதைத் தேடி அலைய வேண்டியிருக்கும். இங்கிருந்து கொண்டுபோகலாம் என்றால், கனடாவிலிருந்து வரும் பயணிகள் பால் பொருளையும் இறைச்சியையும் ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் கொண்டுவரக் கூடாது. மொட்சரெல்லா போட்டால் நூல் நூலாக இழுபடும். அது வேறு சாப்பாடு.

ஒரு சாப்பாடு எவ்வளவு பிரபலம் என்று பார்த்துத் தேர்ந்தெடுக்காதீர்கள். அந்த ஊர்க் கடையில் சாமான் கிடைக்குமா, அந்த வீட்டு அடுப்பில் செய்ய முடியுமா, அவர்களுக்கு அது புதிதாக இருக்குமா என்று பாருங்கள். மஞ்சள் பட்டாணி சூப் கியூபெக் மாகாணத்தின் பழைய சாப்பாடு. நம் பருப்புக்கு ஒன்றுவிட்ட உறவு என்றே சொல்லலாம், எனக்கு மிகவும் பிடிக்கும். ஆனால் ஜெர்மானியர்களுக்கும் சொந்தமாகப் பட்டாணி சூப் உண்டு. நீங்கள் செய்வதை அவர்கள் பாட்டியின் கைப்பக்குவத்தோடு ஒப்பிடுவார்கள். அதனால் இந்த வீட்டுக்கு அது ஏற்றதல்ல.

டூர்ட்டியேர் என்ற இறைச்சிப் பை நல்ல தேர்வுதான். கியூபெக்கில் கிறிஸ்துமஸ் நள்ளிரவு விருந்தில் வைப்பார்கள். கொத்திய பன்றி இறைச்சியில் கிராம்பும் பட்டையும் சேர்ப்பதால், அதன் வாசனை உங்களுக்குப் பழகியதாகவே இருக்கும். பன்றி இறைச்சி சாப்பிடுவார்களா என்று முதலில் கேட்டுக்கொள்ளுங்கள். ஆனால் அதன் மேலோட்டு மாவுக்குக் கைப்பழக்கம் வேண்டும். இதுவரை செய்ததில்லை என்றால் தெரியாத சமையலறையில் தொடங்க வேண்டாம்.

நான் உங்களுக்குச் சொல்வது பூடிங் ஷோமெர் என்ற இனிப்பு. 'வேலையில்லாதவரின் புடிங்' என்று பொருள். 1929 பங்குச்சந்தைச் சரிவுக்குப் பிறகு வந்த பஞ்ச காலத்தில் கியூபெக்கின் தொழிலாளர் வீடுகளில் பிறந்தது. மாவு, கொஞ்சம் கொழுப்பு, பழுப்புச் சர்க்கரை கரைத்த தண்ணீர்: இருந்ததைக் கொண்டு செய்தார்கள். மேப்பிள் சிரப்பும் கிரீமும் சேர்த்துச் செய்வது பிறகு பரவியது. பரிமாறும்போது இதைச் சொல்லுங்கள். கூடவே, மேப்பிள் மரத்தின் சாற்றைக் காய்ச்சி இனிப்பாக்கும் வித்தையை ஐரோப்பியர் வருவதற்கு முன்பே பூர்வகுடி மக்கள் அறிந்திருந்தார்கள் என்பதையும், ஒரு லிட்டர் சிரப்புக்குச் சுமார் 40 லிட்டர் சாறு வேண்டும் என்பதையும் சொல்லுங்கள்.

ஆறு பேருக்கு அளவு: 85 கிராம் வெண்ணெயையும் 100 கிராம் சர்க்கரையையும் குழைத்து, ஒரு முட்டை சேர்த்து அடியுங்கள். 130 கிராம் மைதா, ஒரு தேக்கரண்டி பேக்கிங் பவுடர், ஒரு சிட்டிகை உப்பு கலந்து, ஓரம் உயரமான ஓவன் பாத்திரத்தில் கரண்டி கரண்டியாக வையுங்கள். 300 மில்லி மேப்பிள் சிரப்பையும் 180 மில்லி கிரீமையும் ஒரு கொதி வரும்வரை காய்ச்சி, சூடாகவே மேலே ஊற்றுங்கள். மாவு மூழ்கிக் கிடப்பதைப் பார்த்துக் கெட்டுப்போயிற்று என்று பயப்பட வேண்டாம். ஓவனில் மாவு மெல்ல மேலே எழும்பும், சிரப் அடியில் இறங்கும், ஓரங்களில் பொன்னிறமாகக் குமிழி விடும். 180 டிகிரி செல்சியஸில் ஏறக்குறைய 35 நிமிடம். எடுத்ததும் பரிமாறாமல் கால் மணி நேரம் ஆறவிடுங்கள். அந்தச் சிரப் நாக்கைச் சுட்டுவிடும்.

ஜெர்மன் சமையலறையில் சறுக்குவது சின்னச் சின்ன விஷயங்களில்தான். நம் ஓவன்கள் பெரும்பாலும் ஃபாரன்ஹீட், அங்கே செல்சியஸ். அம்மா சொல்லும் 350 அங்கே சுமார் 175. கப் அளவுக்குப் பதில் தராசு வைத்திருப்பார்கள், அதனால்தான் கிராமில் கொடுத்தேன். அங்கே வழக்கமாகக் கிடைக்கும் வெண்ணெயில் உப்பு இருக்காது, எனவே அந்தச் சிட்டிகை உப்பை விட்டுவிடாதீர்கள். மாவில் 405 என்று எண் போட்ட பொட்டலம் கேக்குக்கு ஏற்றது. பழுப்புச் சர்க்கரை என்று அங்கே விற்பது பெரும்பாலும் நம்முடையதுபோல் ஈரமாக இருக்காது, உலர்ந்த மணல்போல் இருக்கும். பழுப்புச் சர்க்கரை வைத்துச் செய்யும் பட்டர் டார்ட் என்ற சின்ன இனிப்புப் பையை நான் உங்களுக்குச் சொல்லாததற்கு அதுவும் ஒரு காரணம்.

540 மில்லி மேப்பிள் சிரப் தகரடப்பா ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். கைப்பையில் வைத்தால் விமான நிலையத்தில் எடுத்துவிடுவார்கள், துணி சுற்றிப் பெரிய பெட்டியில் போடுங்கள். புடிங்குக்குப் போக மிச்சமிருக்கும் 240 மில்லியை மறுநாள் காலை பான்கேக்கோடு வைக்கலாம். புறப்படுவதற்கு முன் வீட்டில் இரண்டு தடவையாவது செய்து பாருங்கள், இரண்டாவது தடவை தராசை வைத்து.

அப்புறம், மூன்று வாரம் இருக்கிறது. இன்னொரு நாள் உங்கள் அம்மாவின் கோழிக்கறியையும் சமைத்துக் கொடுங்கள். ஸ்கார்பரோவில் எத்தனையோ வீடுகளில் ஞாயிற்றுக்கிழமைச் சாப்பாடு அதுதான் என்று தயங்காமல் சொல்லலாம். கறித்தூள் அங்கே கிடைக்குமா என்று யோசிக்காமல், சிரப் டப்பாவுக்குப் பக்கத்தில் ஒரு சின்னப் பொட்டலம் வைத்துக்கொள்ளுங்கள்.