'வீராங்கனை'யில் என்ன குறை?

கேள்வி: கனடா கடற்படை 'சீமேன்' என்ற பதவிப் பெயரைத் தூக்கிவிட்டு 'செய்லர்' என்று வைத்துக்கொண்டது. அமெரிக்கக் கடற்படையும் 'மேன்' என்று முடியும் பெயர்களை மாற்றப் போய்ப் பெரிய ரகளை ஆனது. வெறும் சொல்லுக்காக இவ்வளவு அமளி தேவையா? இதனால் அங்குள்ள வீராங்கனைகளுக்கு ஒரு துப்பாக்கிக் குண்டாவது கூடுதலாகக் கிடைக்குமா?
— ஒரு வாசகர், காரைக்குடி

பதில்: குண்டுக்கு அப்புறம் வருகிறேன். முதலில் அந்த 'வீராங்கனை'. உங்கள் கடிதத்தைப் படித்துக்கொண்டே வந்தவன் அந்த இடத்தில் நின்றுவிட்டேன். எனக்கும் அந்தச் சொல்லுக்கும் முப்பது வருடமாக ஆகாது.

பிரித்துப் பாருங்கள். வீர, அங்கனை. அங்கம் என்றால் உடலுறுப்பு. அங்கனை என்றால் வடிவான அங்கங்களை உடையவள். அதிலிருந்துதான் பொதுவாகப் பெண் என்ற பொருளுக்கு வந்தது. ஓர் ஆண் எல்லையில் காவல் நின்றால் வீரர். குண்டு எறிந்தாலும் வீரர், கபடி ஆடினாலும் வீரர். அதையே ஒரு பெண் செய்தால், அவள் உடம்பைத் தொட்டுக்கொண்டு போகாமல் ஒரு பெயர் வைக்க நமக்கு வரவில்லை. இத்தனைக்கும் தமிழில் அந்தத் தட்டுப்பாடே கிடையாது. ன் வந்தால் ஆண், ள் வந்தால் பெண், ர் வந்தால் பலர் என்று தொல்காப்பியம் வகுத்துவைத்திருக்கிறது. அந்தப் பலருக்கான ர்-தான் பின்னால் மரியாதைக்கும் வந்து, அவர், ஆசிரியர், மருத்துவர், காவலர் என்று இருபாலாருக்கும் பொதுவாக உட்கார்ந்திருக்கிறது. ஆங்கிலேயன் கமிட்டி போட்டுத் தேடுகிற வசதி நம் நாக்கு நுனியில் கிடக்கிறது. அதை வைத்துக்கொண்டுதான் 'ஆசிரியை' என்கிறோம், 'வீராங்கனை' என்கிறோம்.

எங்களிடம் முன்பு ஒரு மெய்ப்புத் திருத்துநர் இருந்தார். இலக்கணத்தைக் கரைத்துக் குடித்தவர். நான் 'வீரர்' என்று எழுதி அனுப்புவேன். அவர் கடைசி இரண்டு எழுத்தையும் அடித்துவிட்டு, ஓரத்தில் சிவப்பு மையில் 'ராங்கனை' என்று எழுதுவார். நான் அதை அடித்துப் பழையபடி ஆக்குவேன். ஒரே பக்கம் அவர் மேசைக்கும் என் மேசைக்கும் மூன்று முறை நடந்த நாளும் உண்டு. "வாசகருக்குப் பெண் என்று தெரிய வேண்டாமா?" என்பார். மேலே படம் இருக்கிறது, கீழே பெயர் இருக்கிறது, இன்னும் எப்படித் தெரிய வேண்டும்? கட்டாயம் சொல்ல வேண்டுமென்றால் ஒரு முறை 'பெண்' என்று சொல்லிவிட்டு மற்ற இடமெல்லாம் 'வீரர்' என்று போனால் போகிறது. கடைசி வரை அவர் ஒத்துக்கொள்ளவில்லை. நானும் விடவில்லை.

இதே சண்டை அமெரிக்கக் கடற்படையில் 1917இலேயே நடந்தது. முதல் உலகப் போருக்குள் அமெரிக்கா இறங்கப் போகிற நேரம். அலுவலகங்களில் எழுத்தர்களுக்குத் தட்டுப்பாடு. கடற்படையில் எழுத்தருக்கு 'யோமன்' என்று பெயர். அமைச்சராக இருந்த ஜோசபஸ் டேனியல்ஸ் தன் சட்ட ஆலோசகர்களிடம், யோமன் ஆணாகத்தான் இருக்க வேண்டும் என்று சட்டத்தில் எங்காவது இருக்கிறதா என்று கேட்டார். இல்லை. 1916ஆம் ஆண்டுச் சட்டத்தில் 'ஆண்கள்' என்று எழுத வேண்டிய இடத்தில் 'நபர்கள்' என்று எழுதியிருந்தது. அந்த ஒரு சொல் போதுமானதாக இருந்தது. 1917 மார்ச் 21 அன்று லொரெட்டா வால்ஷ் என்ற இளம்பெண் முதல் ஆளாகச் சேர்ந்தார். போர் முடிவதற்குள் பதினோராயிரத்துக்கும் மேற்பட்ட பெண்கள் சேர்ந்துவிட்டார்கள். ஆண் யோமனுக்கு என்ன சம்பளமோ அதுவே இவர்களுக்கும்.

ஊரும் பத்திரிகைகளும் சும்மா இருக்குமா? 'யோமனெட்' என்று கொஞ்ச ஆரம்பித்தார்கள். பெண் என்று காட்ட ஒட்டிய அந்த 'எட்' வால் டேனியல்ஸுக்குக் கொஞ்சமும் பிடிக்கவில்லை. ஒரு பெண் ஒரு வேலையைச் செய்தால் அந்த வேலையின் பெயர்தான் அவளுக்கும் பெயர் என்பது அவர் கட்சி. நூறு வருடத்துக்கு முந்தைய அமைச்சர் இதைச் சொல்லியிருக்கிறார். என் மெய்ப்புத் திருத்துநரிடம் காட்ட அப்போது இது எனக்குத் தெரியாமல் போய்விட்டது.

இப்போது உங்கள் துப்பாக்கிக் குண்டு. போர் முடிந்தது, பெண்களை வீட்டுக்கு அனுப்பினார்கள். 1925இல் கடற்படைச் சேமப்படைச் சட்டத்தைத் திருத்தி எழுதியபோது 'நபர்கள்' போய் 'ஆண் குடிமக்கள்' வந்தது. ஒரு சொல்தான் மாறியது, கதவு சாத்திக்கொண்டது. மறுபடி பெண்களைச் சேர்க்க அடுத்த உலகப் போரும், 1942இல் தனியாக ஒரு புதுச் சட்டமும் வேண்டியிருந்தன. பதினேழு வருடம், நண்பரே. அந்தப் பதினேழு வருடத்தில் இருபது வயதைத் தொட்ட பெண்ணிடம் போய் 'வெறும் சொல்' என்று சொல்லிப் பாருங்கள்.

2016இல் நடந்தது வேறு கதை. அதில் கடற்படையின் மேல் எனக்கும் கோபம்தான். போர்முனை வேலைகள் அத்தனையையும் பெண்களுக்குத் திறந்துவிடுவதாக 2015 டிசம்பரில் அறிவித்திருந்தார்கள். 2016 ஜனவரி பிறந்ததுமே கடற்படை அமைச்சர் ரே மேபஸ், 'மேன்' என்று முடியும் பெயர்களை ஆராயுங்கள் என்று உத்தரவிட்டார். அவருக்குக் கீழேயே இருந்த, கடல்வழி போய்த் தரையில் சண்டையிடும் மரைன் படை நிதானமாகப் பத்தொன்பது பெயர்களை மட்டும் மாற்றியது. காலாட்படைக்காரரைக் குறிக்கும் 'இன்ஃபன்ட்ரிமேன்' என்பது 'இன்ஃபன்ட்ரி மரைன்' ஆயிற்று. 'ரைஃபிள்மேன்' அப்படியே இருந்தது. கடற்படையோ செப்டம்பரில் மூட்டைப்பூச்சிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்தியது. மேன் இருக்கிற பெயர், இல்லாத பெயர் என்று பாராமல் தொழில்களின் பெயர்கள் தொண்ணூற்றொன்றையும் ஒழித்துவிட்டார்கள். நேற்றுவரை யோமன், கப்பல் தளத்து வேலைகளைப் பார்க்கும் போசன்ஸ் மேட், ஹாஸ்பிடல் கார்ப்ஸ்மேன் என்று இருந்தவர்கள் எல்லாரும் இனி வெறும் 'பெட்டி ஆபீசர்', அதாவது படிநிலைப் பெயர் மட்டும். என்ன தொழில் என்று கேட்டால் ஓர் எழுத்தும் சில எண்களும் கொண்ட குறியீடு.

கொதித்தார்கள். வெள்ளை மாளிகைக்குப் போன மனுவில் லட்சம் கையெழுத்துக்கு மேல் விழுந்தது. அவர்களைப் பெண்களை ஏற்காத பிற்போக்காளர்கள் என்று சிலர் திட்டியது அநியாயம். கார்ப்ஸ்மேன் என்பவர் குண்டு பாய்கிற இடத்தில் தவழ்ந்து போய்க் காயத்தைக் கட்டுகிறவர். மரைன்கள் அவரை, ஆணோ பெண்ணோ, 'டாக்' என்றுதான் கூப்பிடுவார்கள். அப்படிச் சம்பாதித்த பெயரை ஓர் உத்தரவில் பிடுங்கினால் வலிக்காதா? கொல்லரை, தச்சரை, மாலுமியை எல்லாம் 'ஊழியர்' என்று ஒரே பெயரில் கூப்பிட்டால் நமக்கும் வலிக்கும். டிசம்பர் 21 அன்று தலைமைத் தளபதி ஜான் ரிச்சர்ட்சன் பழைய பெயர்களைத் திருப்பிக் கொடுத்தார். மூன்று மாதத்துக் கூத்து. இதில் பெரிய நஷ்டம், 'பெயரை மாற்றுவதே பைத்தியக்காரத்தனம்' என்று சொல்ல எல்லாருக்கும் ஒரு சாக்கு கிடைத்ததுதான். உங்களுக்கும் கிடைத்திருக்கிறது.

கனடா செய்த முறைதான் முறை. 2020இல் கடற்படையினரிடமும் மக்களிடமும் வாக்குக் கேட்டார்கள். ஆர்டினரி சீமேன், ஏபிள் சீமேன், லீடிங் சீமேன், மாஸ்டர் சீமேன் ஆகிய நான்கும் செப்டம்பரில் மூன்றாம் வகுப்பு, இரண்டாம் வகுப்பு, முதல் வகுப்பு செய்லர், மாஸ்டர் செய்லர் என்று மாறின. கடலின் உப்பு வாசம் பெயரை விட்டுப் போகவில்லை. அந்த நாட்டின் இன்னொரு மொழியான பிரெஞ்சில் மாற்றமே தேவைப்படவில்லை. அங்கே ஏற்கெனவே 'மத்லோ', மாலுமி.

'வீரமங்கை வேலு நாச்சியார்' என்கிறோமே, அதையும் நீக்கச் சொல்வீர்களா என்று சிவகங்கைப் பக்கத்திலிருந்து கடிதம் வரும். மாட்டேன். அது மக்கள் அன்பில் சூட்டிய அடைமொழி. சம்பளப் பட்டியலில் ஏறுகிற பெயர் வேறு. நேதாஜியின் படையில் 1943இல் சிங்கப்பூரில் ஜான்சி ராணிப் படைப்பிரிவு உருவானது. மலாயாவின் ரப்பர் தோட்டங்களில் பால்வெட்டிய தமிழ்ப் பெண்கள் எத்தனையோ பேர் அதில் துப்பாக்கி தூக்கினார்கள். அதற்குத் தலைமை தாங்கிய மருத்துவர் லட்சுமியை, சாகும்வரை ஊர் எப்படிக் கூப்பிட்டது? கேப்டன் லட்சுமி. அதற்கு ஒரு வால் ஒட்ட வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை.

பெயர் மாறினால் கண்ணும் உடனே மாறிவிடும் என்று நான் சொல்லவில்லை. சில வருடம் முன்பு காட்பாடியில் ரயில் ஏறினேன். எதிர் இருக்கைக்கு அடியில் கறுப்பு டிரங்குப் பெட்டி; வெள்ளைப் பெயின்டில் எண், 'லெப்டினென்ட்', ஒரு பெயரின் முதலெழுத்துகள். மேலே சுடிதாரில் ஒரு சின்னப் பெண். என் பக்கத்தில் இருந்த பெரியவர் பெட்டியை எழுத்துக்கூட்டிப் படித்துவிட்டு, "மாப்பிள்ளை மிலிட்டரியாம்மா?" என்றார்.

"என் பெட்டிதாங்கய்யா. ராணுவ ஆஸ்பத்திரியில நர்சிங் ஆபீசர்."

பெரியவர் பெட்டியை மறுபடி ஒரு முறை படித்தார். பதவிப் பெயரில் ஆண் என்று எதுவும் இல்லை. அவராக ஒரு மாப்பிள்ளையை அதற்குள் உட்கார வைத்திருந்தார். ஜோலார்பேட்டை வரை பேசாமல் வந்தார். அப்புறம், "லெப்டினென்ட் அம்மா, இந்த ஜன்னல் ஷட்டர் சிக்கிக்கிச்சு, கொஞ்சம் தூக்கி விடுறீங்களா?" என்றார்.

அந்தப் பெண் எழுந்து ஒரே தூக்கில் தூக்கிவிட்டு உட்கார்ந்தது.