என் மகளுக்கு அனோரெக்சியா என்கிறார்கள். கவுன்சலிங் மட்டும் போதுமா?

15 வயது மகள் இளைத்துக்கொண்டே போகிறாள், டாக்டர் அனோரெக்சியா நெர்வோசா (பெரும்பாலும் குண்டாகிவிடுவோமோ என்ற பயத்தில் சாப்பாட்டை ஒதுக்கி உடம்பை உருக்கும் மனநோய்) என்கிறார், பேசிப் பேசியே சரியாக்கிவிடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். கவுன்சலிங் அவசியம்தான். ஆனால் அதற்கு முன்னால் சாப்பாடு உள்ளே போக வேண்டும். என் மகளுக்கும் இதே வயதில்தான் வந்தது. இப்போது கல்லூரியில் படிக்கிறாள்.

நாங்கள் கோத்தகிரி. மலை ஊரில் இந்த நோய் சுலபமாக ஒளிந்துகொள்ளும். வருஷம் முழுக்க ஸ்வெட்டர் போட்டிருக்கும் பிள்ளையின் உடம்பு யார் கண்ணிலும் படாது. கை சில்லென்று இருந்தால் குளிர் என்று நினைப்போம். குண்டாகிவிடுவேன் என்று அவள் ஒருநாளும் சொன்னதில்லை. வயிறு உப்புகிறது என்றாள், வெள்ளிக்கிழமை விரதம் என்றாள், அப்புறம் செவ்வாயும் சேர்ந்தது. நம் நாட்டில் பல பிள்ளைகள் இப்படித்தான் சொல்வார்கள் என்று கோவையில் பார்த்த மனநல மருத்துவர் சொன்னார்.

அவர் சொன்ன இன்னொரு விஷயம்தான் எனக்கு எல்லாவற்றையும் புரியவைத்தது. 1944-45-இல் அமெரிக்காவின் மின்னசோட்டாவில் ஆன்செல் கீஸ் என்பவர், ஆரோக்கியமான 36 ஆண்களை ஆறு மாதம் அரைப்பட்டினியில் வைத்துப் பார்த்தார். அவர்களுக்கு எந்நேரமும் சாப்பாட்டு நினைப்பு. சமையல் குறிப்பு சேர்த்தார்கள், ஒரு தட்டை மணிக்கணக்கில் அளைந்தார்கள், எரிந்து விழுந்தார்கள், யாரோடும் ஒட்டவில்லை. என் மகளும் யூடியூபில் சமையல் வீடியோவாகப் பார்ப்பாள், எங்களுக்கெல்லாம் கேக் செய்து தருவாள், ஒரு துண்டு வாயில் வைக்கமாட்டாள். பிடிவாதம் என்று நாம் திட்டுவதில் பாதி, பட்டினி மூளைக்குச் செய்கிற வேலை. அந்த நிலையில் எவ்வளவு நல்ல ஆலோசனையும் ஏறாது.

இந்த வயதுப் பிள்ளைகளுக்கு முதலில் பரிந்துரைப்பது குடும்பம் சார்ந்த சிகிச்சை. லண்டன் மாட்ஸ்லி மருத்துவமனையில் 1980-களில் உருவானது. முதல் கட்டத்தில் என்ன, எவ்வளவு, எப்போது என்பதை முழுக்கப் பெற்றோர் முடிவு செய்கிறார்கள். எடை ஏற ஏற பொறுப்பு கொஞ்சம் கொஞ்சமாகப் பிள்ளை கைக்குத் திரும்பும். படிப்பு, தோழிகள், மனசு பற்றிய பேச்செல்லாம் கடைசிக் கட்டத்தில். ஏறக்குறைய ஒரு வருஷம் பிடிக்கும். காரணம் யார் என்று தேடுவதே கிடையாது, உங்களையும் குற்றம் சொல்லமாட்டார்கள்.

கேட்க எளிது, வீட்டில் ரொம்பக் கஷ்டம். தோசையைப் பிய்த்துப் பிய்த்து வைத்துக்கொண்டு அழுவாள், தட்டைத் தள்ளுவாள். "நோய்தான் வேண்டாங்குது கண்ணு, நீ சாப்பிடு, நான் இங்கேயே இருக்கேன்" என்று அதையே திரும்பச் சொல்வேன். கலோரிக் கணக்கு, எடை, அழகு எதுவும் மேஜையில் பேசக்கூடாது. என் அத்தை "பாவம், விட்டுடும்மா" என்பார். அவரையும் டாக்டர் முன்னால் உட்காரவைத்தோம். வீட்டில் ஒருவர் இளகினாலும் நோய் அந்த வழியாக நழுவிவிடும்.

பெரியவர்களுக்கு வேறு முறை, ஆக்ஸ்ஃபோர்டின் மனநல மருத்துவர் ஃபேர்பர்ன் வகுத்த, எண்ணத்தையும் பழக்கத்தையும் மாற்றப் பழக்கும் அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சை போன்றவை. மாத்திரை மட்டும் கொடுத்து இதைக் குணப்படுத்த முடியாது.

ரொம்ப நாள் பட்டினி கிடந்தவளுக்கு நீங்களாகத் திடீரென்று நிறையக் கொடுத்துவிடாதீர்கள். ரத்தத்தில் பாஸ்பேட் என்ற தாது உப்பு சரிந்து உயிருக்கே ஆபத்தாகலாம். அளவை டாக்டர் சொல்லட்டும். யாரிடம் போவது என்று தெரியாவிட்டால் அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416-க்கு அழையுங்கள், தமிழிலேயே பேசலாம், இலவசம். மயக்கம் வந்தாலோ, விழித்திருக்கும்போதே நாடித்துடிப்பு நிமிஷத்துக்கு 50-க்குக் கீழே போனாலோ, கவுன்சலிங் நாளுக்குக் காத்திருக்காமல் அன்றைக்கே மருத்துவமனைக்குக் கூட்டிப்போங்கள்.