கொரிய மரபு வீட்டின் சாயலில் உணவகத்தை அமைப்பது எப்படி?

வளைந்த ஓட்டுக்கூரையை முகப்பில் ஒட்டினால் போதும் என்று நினைக்காதீர்கள்; அது சினிமா செட் மாதிரிதான் இருக்கும். ஹனோக் எனப்படும் இந்தக் கொரிய மரபு வீட்டின் உயிர் முற்றத்தில் இருக்கிறது. அங்கே செடிகளை நெருக்கி நட மாட்டார்கள், பெரும்பாலும் வெளிர்நிற மணல் தரைதான். வெயில் அதில் பட்டுத் தெறித்து, இறவாரத்துக்கு அடியில் நுழைந்து, அறைக்குள் இதமான வெளிச்சமாக வரும். சன்னலில் ஹன்ஜி தாள் ஒட்டுவார்கள். காகித மல்பெரி மரப்பட்டையில் செய்வது. வெளிச்சம் கண்ணைக் கூசாது.

சியோல் நகரின் இக்சொன்தோங் பகுதியில் 1920, 30களில் கட்டிய சிறிய ஹனோக்குகள் பல இன்று உணவகங்கள். முற்றத்தைக் கண்ணாடிக் கூரையால் மூடி மேசை போட்டிருக்கிறார்கள்.

அப்புறம், தரையில் உட்காரும் மேசை அழகுதான், ஆனால் முட்டிவலிக்காரர்கள் பாவம். காலைத் தொங்கவிட மேசைக்குக் கீழே பள்ளம் விடுங்கள்.