மனநலக் கவுன்சிலர் கல்யாணத்துக்கு வர மறுத்தார், ஏஏ ஸ்பான்சர் ராத்திரியிலும் போன் எடுக்கிறார்: ஏன் இந்த வித்தியாசம்?

குடியை விட ஆலோசனை தரும் கவுன்சிலரைக் கல்யாணத்துக்கு அழைத்தீர்கள், அவர் வர மறுத்துவிட்டார்; ஏஏ ஸ்பான்சரோ ராத்திரியிலும் போன் எடுக்கிறார், அப்படியென்றால் கவுன்சிலருக்கு உங்கள் மேல் அக்கறை இல்லையா என்று கேட்டிருக்கிறீர்கள், அப்படி நினைக்காதீர்கள். பந்தியில் உங்கள் மாமனார் பக்கத்தில் அவர் உட்கார்ந்தால், "தம்பியை எப்படித் தெரியும்?" என்ற ஒரே கேள்வியில் நீங்கள் சிகிச்சைக்குப் போவது வெளியே வந்துவிடும், அப்புறம் அடுத்த முறை அந்த மாமனாரைப் பற்றியே மனம்விட்டுப் பேச உங்களுக்கு வாய் வராது. சிகிச்சை தருபவர் ரகசியம் காக்க வேண்டும் என்று 2017 மனநலப் பராமரிப்புச் சட்டமும் சொல்கிறது, உயிருக்கு ஆபத்து போன்ற சில விலக்குகள் தவிர.

ஏஏ, அதாவது ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ், வேறு மாதிரி: குடியை விட நினைப்பவர்கள் ஒருவருக்கொருவர் கைகொடுக்கும் அமைப்பு அது. 1935இல் அமெரிக்காவின் ஆக்ரன் நகரில் குடிநோயாளிகள் இருவர் பேசிக்கொண்டதில் பிறந்தது. கட்டணம் கிடையாது, ஸ்பான்சர் என்பவர் உங்களைப் போலவே குடித்து மீண்ட ஒருவர்தான். ராத்திரி ஒன்பதரைக்கு, கடை மூட அரை மணி நேரம் இருக்கும்போது, கால் தானாக டாஸ்மாக் பக்கம் திரும்புகிறதே, அப்போது கூப்பிடத்தான் அவர். ஆனால் மருத்துவர் கொடுத்த மாத்திரையை நிறுத்தச் சொல்வது அவர் வேலை இல்லை. அவர் உங்களிடம் கடன் கேட்டாலோ வேறு விதமாகத் தொந்தரவு செய்தாலோ தயங்காமல் ஸ்பான்சரை மாற்றுங்கள், யாருக்கும் காரணம் சொல்ல வேண்டியதில்லை.