பிராட்டிஸ்லாவா நகருக்கு மேலே குன்றில் தெரியும் உயரமான தூண் என்ன?

அதன் பெயர் ஸ்லாவின். ஸ்லோவாக்கியத் தலைநகரைப் பார்த்தபடி நிற்கும் போர் நினைவிடம். கூடவே ராணுவ மயானமும். 1945 ஏப்ரலில் நாஜிகளிடமிருந்து அந்நகரையும் சுற்று வட்டாரத்தையும் மீட்கும் போரில் இறந்த 6,800-க்கும் மேற்பட்ட சோவியத் வீரர்கள் இங்கே உறங்குகிறார்கள். அங்கங்கே புதைக்கப்பட்டிருந்தவர்களைப் பிறகு இங்கே கொண்டுவந்து சேர்த்தார்கள். நினைவிடம் 1960-இல் திறக்கப்பட்டது.

தூணின் உச்சியில் கொடியை உயர்த்தும் வீரன். அவன் காலடியில் நசுங்கும் ஸ்வஸ்திகா, நாஜிகளின் சின்னம். அண்ணாந்து அதைப் பார்ப்பதோடு திரும்பிவிடாதீர்கள். மண்டபச் சுவரில் ஊர்ப் பெயர்களும் அவை விடுதலையான தேதிகளும் பொறித்திருக்கின்றன; நின்று படியுங்கள். தனிக் கல்லறைகள் முன்னூற்றுச் சொச்சம்தான். மற்றவர்கள் எல்லாரும் ஆறே ஆறு பொதுக் குழிகளில். எனக்கு நெஞ்சை அடைத்தது அந்தக் கணக்குதான்.