கொடுப்பதற்கு முன் ரீசெட் ஆக மறுக்கும் மடிக்கணினி: கேள்வி பதில்

கிளிநொச்சியில் கணினி திருத்தும் கடை வைத்திருக்கிறேன். பழைய மடிக்கணினியைப் படிக்கிற பிள்ளை ஒருவருக்குக் கொடுக்க நினைத்து, அதை ரீசெட் செய்து, அதாவது உள்ளிருப்பவற்றை அழித்து விண்டோஸைப் புதிது போலாக்கி, வெறுமையாக்க முடியாமல் நின்றவர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதுகிறேன். எதையும் அழிப்பதற்கு முன்னர் படங்களையும் காணி உறுதியின் பிரதிகளையும் வேறோர் இடத்தில் எடுத்து வையுங்கள்.

கேள்வி (மாங்குளம், ஆசிரியை): உயர்தரம் படிக்கும் மாணவிக்குக் கொடுக்க என் விண்டோஸ் 11 மடிக்கணினியை மூன்று முறை ரீசெட் செய்தேன். ஒவ்வொரு முறையும் ‘சிக்கல் ஏற்பட்டது, எந்த மாற்றமும் செய்யப்படவில்லை’ என்று வந்து பழைய நிலைக்கே திரும்புகிறது.

பதில்: ரீச்சர், கணினி கெட்டுப்போய்விட்டதென்று பயப்பட வேண்டாம். ஓடிக்கொண்டிருக்கும் விண்டோஸ் தன்னைத்தானே அழிக்க முடியாது என்பதால், வட்டில் ஒதுக்கி வைத்திருக்கும் ‘ரிக்கவரி’ என்ற சிறு பகுதிதான் அந்த வேலையைச் செய்கிறது. அந்தப் பகுதி முடக்கப்பட்டிருந்தாலும், விண்டோஸின் சொந்தக் கோப்புகள் பழுதாகியிருந்தாலும், வட்டில் இடம் போதாவிட்டாலும் ரீசெட் இப்படித்தான் நின்றுவிடும். கட்டளைகளைத் தட்டச்சு செய்யும் திரையான கமாண்ட் ப்ரொம்ப்டை நிர்வாகி உரிமையுடன் திறந்து, ரிக்கவரி பகுதியின் நிலையைக் காட்டும் ரீஏஜென்ட்சி கட்டளையை ‘இன்ஃபோ’ என்பதோடு (reagentc /info) கொடுத்துப் பாருங்கள். ‘டிஸேபிள்ட்’ என்று காட்டினால் அதே கட்டளையை ‘எனேபிள்’ என்பதோடு (reagentc /enable) கொடுங்கள். அடுத்து, பழுதான விண்டோஸ் கோப்புகளைச் சரிசெய்ய, டிஸ்ம் கட்டளையின் ‘ரிஸ்டோர்ஹெல்த்’ (DISM /Online /Cleanup-Image /RestoreHealth), அது முடிந்த பிறகே எஸ்எஃப்சியின் ‘ஸ்கேன்நவ்’ (sfc /scannow). டிஸ்ம் சரிசெய்து வைக்கும் நல்ல பிரதிகளிலிருந்துதான் எஸ்எஃப்சி எடுத்துப் போடுகிறது என்பதால் இந்த வரிசையை மாற்ற வேண்டாம்.

அதற்கும் இணங்காவிட்டால், விண்டோஸை இணையத்திலிருந்து இறக்கி ரீசெட் செய்யும் ‘கிளவுட் டவுன்லோட்’ உண்டு. ஆனால் அதற்கு ஏறக்குறைய 4 ஜிபி டேட்டா வேண்டும். நான் பென்ட்ரைவையே விரும்புகிறேன். வேறொரு நல்ல கணினியில் மைக்ரோசொஃப்டின் மீடியா கிரியேஷன் டூலைக் கொண்டு 8 ஜிபி பென்ட்ரைவைத் தயார் செய்து, அதிலிருந்து மடிக்கணினியைத் தொடங்கி, வட்டின் பழைய பிரிவுகளான பார்ட்டிஷன்கள் எல்லாவற்றையும் அழித்துவிட்டு விண்டோஸைப் புதிதாக நிறுவுங்கள். பென்ட்ரைவில் முன்பு இருந்தவையும் போய்விடும் என்பதை மறக்க வேண்டாம். டிஜிட்டல் உரிமம் தாய்ப்பலகையோடு சேர்ந்தே பதிவாகியிருப்பதால், விண்டோஸின் ‘ஹோம்’ பதிப்பு இருந்த இடத்தில் அதே ‘ஹோம்’ பதிப்பைப் போட்டால் இணையத்தில் இணைந்தவுடன் அது தானாகவே செயற்படும்.

கேள்வி (வவுனியா): 2025 ஓகஸ்டில் புதுப்பித்த பிறகுதான் என்னுடைய கணினியில் ரீசெட் வேலை செய்யாமற் போனது.

பதில்: அந்த மாதப் பாதுகாப்புப் புதுப்பித்தல் விண்டோஸ் 10 இலும், 11 இன் சில பதிப்புகளிலும் ரீசெட்டைக் குழப்பியது உண்மை. மைக்ரோசொஃப்ட் அதே மாதம் 19 ஆம் திகதி திருத்தத்தை வெளியிட்டது. புதுப்பித்துவிட்டு மீண்டும் முயலுங்கள்.

கேள்வி (பரந்தன்): பாதி தூரம் போய் நிற்கிறது. என்ன செய்வது?

பதில்: ரீச்சருக்கு எழுதியதை வாசியுங்கள். சார்ஜரைக் கழற்றாதீர்கள்.

கேள்வி (ஒட்டுசுட்டான்): இவ்வளவு பாடு எதற்கு? கோப்புகளை அழித்து ஃபோர்மட் அடித்தால் போதாதா?

கேள்வி (முல்லைத்தீவு): ஒட்டுசுட்டான்காரர் சொல்வதை நம்பாதீர்கள். வட்டைக் கழற்றிச் சுத்தியலால் உடைத்தால்தான் பாதுகாப்பு.

பதில்: இருவருக்கும் சேர்த்தே சொல்கிறேன். குவிக் ஃபோர்மட் புத்தகத்தின் பொருளடக்கத்தைக் கிழிப்பது போன்றது. பக்கங்கள் அப்படியே கிடக்கும். அப்படி ஃபோர்மட் செய்யப்பட்ட வன்தட்டு ஒன்றிலிருந்து, உரிமையாளர் கேட்டபடியே, அவருடைய அடையாள அட்டையின் பிரதியை இந்த மேசையில் வைத்தே மீட்டுக் கொடுத்திருக்கிறேன். சுழலும் வன்தட்டு என்றால் ரீசெட்டின் அமைப்புகளில் ‘கிளீன் டேட்டா’வைத் தெரிவு செய்யுங்கள், பல மணி நேரம் எடுத்தாலும் அது எல்லா இடங்களிலும் மேலெழுதும். சுழலும் தட்டு இல்லாத புதுவகை வட்டான எஸ்எஸ்டி, தரவைச் சேமிக்கும் தன் கலங்களைத் தானே மாற்றி மாற்றிப் பயன்படுத்துவதால் மேலெழுதுவது எல்லா மூலைகளுக்கும் போகாது. அதற்குத் தயாரிப்பாளர் தரும் ‘செக்கியூர் இரேஸ்’ கருவியே ஏற்றது. இவ்வளவு செய்த வட்டை உடைப்பதால், படிக்கிற பிள்ளைக்குப் போக வேண்டியது குப்பைக்குப் போகும்.

முல்லைத்தீவுக்காரருக்கு இன்னொன்றும் சொல்ல வேண்டும். புதுக்குடியிருப்பிலிருந்து ஓர் அக்கா கொண்டுவந்த மடிக்கணினியில், ‘நியூ ஃபோல்டர் 3’ என்ற பெயருக்குள், ஒரு மூலை கிழிந்து நீர்க்கறை படிந்த சிறு படத்தை ஸ்கேன் செய்து வைத்திருந்தார்கள். அது அவருடைய அப்பா. மூலப்படம் 2009 இடப்பெயர்வின்போது தவறிவிட்டது. அழிப்பதற்கு முன் ஒவ்வொரு ஃபோல்டராகத் திறந்து பார்த்திராவிட்டால் அந்த முகமும் போயிருக்கும். அதனால்தான் திரும்பவும் சொல்கிறேன்: முதலில் படங்களை எடுத்து வையுங்கள்.

கேள்வி (மல்லாவி): நீல நிறத் திரையில் 48 இலக்கச் சாவி கேட்கிறது.

பதில்: அது வட்டிலுள்ளதைப் பிறர் வாசிக்காதபடி பூட்டி வைக்கும் விண்டோஸின் வசதியான பிட்லொக்கர். உங்கள் மைக்ரோசொஃப்ட் கணக்கில் தொலைபேசி மூலம் நுழைந்து பாருங்கள். பெரும்பாலும் சாவி அங்கே சேமிக்கப்பட்டிருக்கும்.

கேள்வி (நெடுங்கேணி): என்னுடையது விண்டோஸ் 11 ஏற்காத பழைய கணினி.

பதில்: விண்டோஸ் 10 இற்கான வழமையான ஆதரவு 2025 ஒக்டோபர் 14 உடன் முடிந்துவிட்டது. விண்டோஸுக்குப் பதிலாக, லினக்ஸ் மின்ட் என்ற இலவச இயங்குதளத்தைப் போட்டுக் கொடுங்கள். பாடக் குறிப்பு எழுதவும் இணையம் பார்க்கவும் அது போதும்.

கேள்வி (தருமபுரம்): ரீசெட் பாதியில் நிற்கிறது.

பதில்: மாங்குளத்துக்கான பதில்.

கேள்வி (பூநகரி): எல்லாம் சரியாக முடிந்தது. தொடுபலகை மட்டும் சற்று மேலெழுந்து நிற்கிறது. அப்படியே மருமகனிடம் கொடுக்கலாமா?

பதில்: கொடுக்க வேண்டாம். அதன் கீழே பற்றரி வீங்கியிருக்கக்கூடும், அது தீப்பற்றக்கூடியது. இன்றே அணைத்து, சார்ஜரைக் கழற்றி, அழுத்தாமலும் குத்தாமலும் கடைக்குக் கொண்டுவாருங்கள். பற்றரியை மாற்றிய பிறகு மருமகனிடம் கொடுக்கலாம்.